நடைக்குழுச் செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தபடி, இந்த ஆண்டு வெளியூர்ப் பயணங்கள் எல்லாவற்றையும் மேற்கு வர்ஜீனியாவின் போகஹாண்டஸ் கவுண்டியிலேயே வைத்துக்கொண்டோம். ஒரே மலைக்கு எத்தனை தடவைதான் போவது என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. இலையுதிர்காலப் பயணத்துக்கு முதலில் பெயர் கொடுத்தவர்களும் அவர்கள்தான்.

எட்டு ஆறுகள் பிறக்கும் இந்த மலைப்பகுதி ஒரு காலத்தில் மரவியாபாரிகளின் கையில் இருந்தது. மலைகளை மொட்டையாக்கிவிட்டு அவர்கள் போனார்கள். 1911இல் வந்த வீக்ஸ் சட்டத்தால் மத்திய அரசு நிலத்தை விலைக்கு வாங்க முடிந்தது. 1920இல் மோனங்கஹேலா தேசிய வனம் உருவானது. நாம் நடந்த காடு பெரும்பாலும் அப்புறம் வளர்ந்ததுதான். கன்னிக்காடு என்று குழுப் படங்களுக்குக் கீழே எழுதியவர்கள் கவனிக்கவும்.

மரத்தொழில் விட்டுப்போனவைதான் இன்று பார்க்க வேண்டியவையாக இருக்கின்றன. காஸ் ஊரிலிருந்து கால்டுவெல் வரை 78 மைல் நீளும் கிரீன்பிரையர் ஆற்றுப் பாதை, தண்டவாளம் பெயர்க்கப்பட்ட பழைய ரயில்தடம். (நம் கால்டுவெல் ஐயருக்கும் அந்த ஊருக்கும் தொடர்பு இல்லை, பலரும் கேட்டுவிட்டார்கள்.) ரயிலுக்காகச் சமன்படுத்திய தடம் என்பதால் ஏற்றமே தெரியாது. 35 பாலங்கள், 2 சுரங்கங்கள். ஊரிலிருந்து வந்திருந்த பெற்றோர்களும் முழங்கால் வலியைக் காரணம் சொல்லாமல் நடந்த ஒரே பாதை இது. என்னைக் கேட்டால் இதற்கு மட்டுமே ஒரு பயணம் தகும்.

காஸில் 1901இல் மரம் இறக்கப் போட்ட பாதையில் இன்றும் ஷே வகை நீராவி இன்ஜின் ஓடுகிறது. பல்சக்கரங்கள் வழியே எல்லாச் சக்கரங்களுக்கும் விசை போவதால், 100 அடிக்கு 11 அடி உயரும் ஏற்றத்தையும் அது ஏறிவிடுகிறது. கரி விழுந்து வெள்ளைச் சட்டைகள் பாழானதைப் பற்றி வந்த புகார்கள் பதிவு செய்யப்பட்டன.

விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் கிரீன் பேங்க் வானொலித் தொலைநோக்கியின் தட்டு 100 மீட்டர் அகலம். எந்தத் திசைக்கும் முழுதாகத் திருப்பக்கூடியவற்றில் உலகிலேயே பெரியது. அந்த அலைகளுக்கு இடைஞ்சல் வராமல் ரேடியோ ஒலிபரப்பைக் கட்டுப்படுத்த 1958இல் வகுத்த வானொலி அமைதி வட்டாரம் 13,000 சதுர மைல். தொலைநோக்கிக்கு அருகே டிஜிட்டல் கேமராவும் கூடாது. பெட்ரோல் இன்ஜினின் தீப்பொறியே இடைஞ்சல் என்பதால் டீசல் வண்டியில்தான் அழைத்துப் போகிறார்கள். சரி, இதில் நமக்கு வந்த சிக்கல் வேறு: சுற்றுவட்டாரத்தில் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. முன்னால் போன கார்கள் ஓரிடத்தில் நிற்க, பின்னால் வந்தவர்கள் வேறு திருப்பத்தில் போய்விட்டார்கள். இனி ஒவ்வொரு காரிலும் அச்சிட்ட வரைபடமும், சந்திக்கும் இடம், நேரம் எழுதிய தாளும் இருக்க வேண்டும் என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது.

கிரான்பெரி கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பலகைப் பாதை அரை மைல்தான். பூச்சி தின்னும் குடுவைச்செடியை அங்கே காணலாம். பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவதுதான் கஷ்டமாக இருந்தது. அருகிலுள்ள ஹில்ஸ் கிரீக்கில் மூன்று அருவிகள். கடைசி அருவி 63 அடி. இறங்குவது சுலபம், ஏறும்போது படிகள் கணக்குத் தீர்த்துக்கொள்ளும். அடுத்த முறை மேல் அருவியோடு நிறுத்திக்கொள்ள ஒரு தனிக்குழு வைக்கலாம்.

ஸ்னோஷூ பனிச்சறுக்குத் தளத்துக்குப் போகச் சில இளைஞர்கள் கேட்டார்கள். செலவு அதிகம் என்பதால் பொதுநிதியிலிருந்து இல்லாமல் அவரவர் பொறுப்பில் போகலாம். குளிர்காலத்தில் 150ஆம் எண் மலைச்சாலையில் பனி அகற்றுவதில்லை. அந்தப் பக்கம் திட்டமிட வேண்டாம்.

அடுத்த ஆண்டுக்கு வட்டோகா மாநிலப் பூங்காவில் கூடாரமிட்டுத் தங்க முன்மொழிகிறேன். நட்சத்திரம் பார்க்க ஏற்ற இருண்ட வானத்துக்காக அங்கீகாரம் பெற்ற பூங்கா அது. நிலவில்லாத வார இறுதியாகத் தேதி பார்க்க வேண்டும். சமையல் பொறுப்புக்கு இன்னும் யாரும் பெயர் தரவில்லை. வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்