பியர்ஸின் தலையைப் புதைத்துவிடுங்கள்: பென் அருங்காட்சியகத்துக்கு ஒரு திறந்த மடல்

பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் இயக்குநர் அவர்களுக்கும், மார்ட்டன் மண்டையோட்டுச் சேகரிப்புக்குப் பொறுப்பான மற்றவர்களுக்கும்,

வணக்கம்.

மண்டையோட்டை அளந்து மனித இனங்களைத் தரம்பிரிக்க மருத்துவர் மார்ட்டன் தொடங்கிய சேகரிப்பில் உங்களிடம் இருக்கும் சுமார் 1,300 மண்டையோடுகளில் ஒன்று அலெக்ஸாண்டர் பியர்ஸ் என்ற அயர்லாந்துக்காரனுடையது. ஆறு ஜோடி ஷூ திருடியதற்காக ஏழு வருடம் தீவாந்திர தண்டனை வாங்கியவன். 1824 ஜூலை 19 அன்று ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில், ஹோபார்ட் சிறையில் அவனைத் தூக்கிலிட்டார்கள். இருநூறு வருடம் தாண்டிவிட்டது. தலை மட்டும் இன்னும் ஃபிலடெல்ஃபியாவில் இருக்கிறது. அதைப் புதைத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அவனுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. அவன் கொலைகாரன், கொன்றவர்களைத் தின்றவன். நம்மூரில் ‘கொன்றால் பாவம், தின்றால் போச்சு’ என்று ஒரு பழமொழி உண்டு. கோழிக்கும் ஆட்டுக்கும் சொன்னது. மனிதனைப் பற்றி எழுதும்போது அது நினைவுக்கு வந்து தொலைப்பது எனக்கே கூசுகிறது. ஆனாலும் அவன் தலையைத் தரச் சொல்லித்தான் கேட்கிறேன்.

2021 ஏப்ரலில் நீங்கள் இந்தச் சேகரிப்புக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டீர்கள். 2024 தொடக்கத்தில் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த 19 கறுப்பின மக்களின் மண்டையோடுகளை ஈடன் கல்லறையில் அடக்கம் செய்தீர்கள். அது எப்படி நடந்தது, யாரைக் கேட்டு நடந்தது என்று அங்கேயே சிலர் சண்டை போட்டார்கள். சண்டையில் நியாயமும் இருந்தது. இருந்தாலும் வேலை தொடங்கிவிட்டது. அந்தப் பத்தொன்பது பேருக்காக யாரும் மனம் இரங்குவார்கள். பியர்ஸுக்காகக் கொடி பிடிக்க ஆள் சேர்ப்பது கஷ்டம். வரிசையில் அவன் பெயர் கடைசிக்குப் போய்விடும், அப்புறம் மறந்தும் போய்விடும். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

அவன் 1790இல் அயர்லாந்தின் மோனகன் மாவட்டத்தில் பிறந்தான். கூலிக்கு வயல் வேலை. நெப்போலியன் போர் முடிந்ததும் அங்கே தானிய விலை சரிந்தது. 1816இல் கோடையே வராமல் விளைச்சல் பொய்த்தது, பின்னாலேயே டைஃபஸ் காய்ச்சல் ஊர் ஊராகப் பரவியது. 1819இல் ஆர்மா நகரத்து நீதிமன்றத்தில் அவனுக்குத் தண்டனை விதித்தார்கள். அயர்லாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஏற்றப்பட்ட சுமார் 40,000 பேரில் கிளர்ச்சிக்காரர்களைப் பற்றிப் பாட்டுகள் உண்டு, சிலைகள் உண்டு. உண்மையில் பெரும்பாலோர் இவனைப் போலத் துணியும் ஆடும் ஷூவும் திருடியவர்கள்தான். ஏழு வருடம் என்பது தாளில் எழுதிய கணக்கு. தண்டனை முடிந்தவர்களை அரசு திரும்பக் கூட்டிவராது; கப்பல் கட்டணத்தை அவர்களேதான் தேடிக்கொள்ள வேண்டும். அது எத்தனை பேருக்கு முடியும்?

தீவாந்திரம் தமிழர்களுக்கும் தெரியாத தண்டனை இல்லை. 1802இல் தூத்துக்குடியிலிருந்து சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும் சேர்த்து 73 பேரைப் பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். அவர்கள் போராடியவர்கள், இவன் திருடன். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. கடலைத் தாண்டிக் கொண்டுபோய்விட்டால் பிரச்சினை தீர்ந்தது என்ற எண்ணம் மட்டும் ஒன்றுதான்.

1820இல் ‘காசில் ஃபோர்ப்ஸ்’ கப்பல் அவனை வான் டீமன்ஸ் லாந்தில், அதாவது இன்றைய டாஸ்மேனியாவில், இறக்கியது. உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. அடுத்த ஆண்டே இரண்டு வான்கோழியும் மூன்று வாத்தும் திருடியதற்கு 50 சவுக்கடி. அப்புறம் குடித்துவிட்டு ரகளை, சொல்லாமல் ஓட்டம், கடைசியில் பொய்யான பணச் சீட்டு ஒன்று. எதுவும் பெரிய குற்றம் இல்லை, ஆனால் அடங்காத ஆள் என்று பெயர் விழுந்துவிட்டது. 1822இல் மக்குவாரி துறைமுகத்துக்கு அனுப்பினார்கள்.

அந்த இடத்தை அந்த ஆண்டு ஜனவரியில்தான் திறந்திருந்தார்கள். மேற்குக் கரை; சதா மழை. உள்ளே நுழையும் குறுகலான வாய்க்குக் கைதிகள் ‘ஹெல்ஸ் கேட்ஸ்’, நரக வாசல், என்று பெயர் வைத்தார்கள். நடுவில் சாரா தீவு. வேலை ஹியூவான் பைன் மரம் வெட்டுவது. மரத்தைச் சரிவில் உருட்டி, குளிர்ந்த தண்ணீரில் இடுப்பளவு நின்றுகொண்டு, கட்டைகளை மிதக்கவிட்டுக் கட்டி, படகோடு இழுத்துக்கொண்டு வர வேண்டும். சங்கிலி போட்டவனும் அப்படித்தான். ஈரத் துணியிலேயே உறக்கம். சாப்பாடு உப்புக்கண்டமும் மாவும். பச்சைக் காய் இல்லாமல் ஸ்கர்வி நோய் வந்தது. ஏதாவது சொன்னால் சவுக்கு. தப்பிப்பவர்களைத் துரத்த அதிகாரிகள் ரொம்ப அலட்டிக்கொள்ளவும் வேண்டியதில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஐரோப்பியர் யாரும் கடந்திராத காடு. ஆள் போனால் காடே முடித்துவிடும் என்ற நம்பிக்கை.

1822 செப்டம்பர் 20 அன்று எட்டுப் பேர் ஓடினார்கள். படகில் போவதுதான் திட்டம். கரையில் எச்சரிக்கைத் தீ எரிவதைப் பார்த்ததும் படகை விட்டுவிட்டுக் காட்டுக்குள் ஏறினார்கள். கையில் கொஞ்சம் ரொட்டி, ஒரு கோடாலி. ராபர்ட் கிரீன்ஹில் பழைய மாலுமி. சூரியனையும் நட்சத்திரத்தையும் பார்த்துத் திசை சொல்லத் தெரிந்தவன். கோடாலியும் அவனிடம்தான். ஒரு வாரத்துக்கு மேல் பசியில் நடந்த பிறகு பேச்சை எடுத்தவன் அவனே. நடுக்கடலில் உணவு தீர்ந்தால் மாலுமிகள் ஒருவரைப் பலி கொடுத்து மற்றவர் பிழைக்கும் வழக்கம் உண்டு. அதைத்தான் காட்டுக்குள் கொண்டுவந்தான். முதல் கொலையைப் பார்த்ததும் கூட ஓடிவந்த பிரவுனும் கெனர்லியும் பின்தங்கித் திரும்பிவிட்டார்கள். எப்படியோ மக்குவாரி துறைமுகம் போய்ச் சேர்ந்து, சில நாட்களில் இருவருமே இறந்தார்கள்.

மீதிப்பேர் ஒருவர் பின் ஒருவராகக் குறைந்தார்கள். கடைசியில் மூன்று பேர். அப்போது மத்தேயு டிராவர்ஸின் காலில் பாம்பு கடித்தது. அவன் கிரீன்ஹில்லின் நெருங்கிய கூட்டாளி. என்னை விட்டுவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினான். விடவில்லை. பியர்ஸும் கிரீன்ஹில்லும் அவனை ஐந்து நாள் தாங்கிக்கொண்டும் தூக்கிக்கொண்டும் நடந்தார்கள். இந்த ஐந்து நாளை நான் ரொம்ப யோசித்திருக்கிறேன். அடுத்தவனைத் தின்று உயிர் பிழைத்தவர்கள், எலும்பும் தோலுமாய், காலழுகிய ஒருவனை மலையேற்றிக்கொண்டு போகிறார்கள். ஆறாம் நாள் முடியவில்லை. அவன் தூங்கும்போது கொன்றார்கள்.

பிறகு இரண்டே பேர். யார் முதலில் கண்ணயர்வது என்பதில்தான் இரவுகள் கழிந்தன. கிரீன்ஹில் கோடாலியைத் தலைக்கடியில் வைத்துப் படுப்பான். ஓர் இரவு அவன் அசந்தான். பியர்ஸ் கோடாலியை உருவிக்கொண்டான்.

அதன்பின் ஓர் அயர்லாந்து ஆட்டிடையன் அவனுக்குச் சோறு போட்டான். ஆடு திருடும் இருவரோடு சேர்ந்தான். 1823 ஜனவரியில் மூவரும் பிடிபட்டார்கள். மற்ற இருவரையும் ஹோபார்ட்டில் தூக்கில் போட்டார்கள். பியர்ஸ் நடந்ததை எல்லாம் மாஜிஸ்திரேட் ராபர்ட் நாப்வுட்டிடம் சொன்னான். அவர் பாதிரியாரும்கூட. ஒரு வார்த்தையை நம்பவில்லை. காட்டில் ஒளிந்திருக்கும் கூட்டாளிகளைக் காப்பாற்றக் கதை விடுகிறான் என்று முடிவு செய்தார். ஆட்டைத் திருடியவர்களுக்குக் கயிறு. ஆளைத் தின்றேன் என்று வாய்விட்டுச் சொன்னவன் மறுபடியும் சாரா தீவுக்கு. இதற்கு மேல் அந்த நிர்வாகத்தைப் பற்றி நான் என்ன சொல்ல?

அதே ஆண்டு நவம்பரில் தாமஸ் காக்ஸ் என்ற இளைஞனோடு மறுபடி ஓடினான். கிங் ஆற்றங்கரையில் காக்ஸுக்கு நீச்சல் தெரியாது என்று தெரிந்ததும் கொன்றுவிட்டதாகச் சொன்னான். இந்த முறை பசியைக் காரணம் காட்ட முடியாது. பிடிபட்டபோது பையில் வேறு உணவும் இருந்தது. பிடிபட்டான் என்பதும் முழுக்கச் சரியில்லை. தீ மூட்டி, கடந்துபோன கப்பலுக்குச் சைகை காட்டி, தானே சரணடைந்தான். சாகத் தயார் என்றான். பியர்ஸ் மேல் இரக்கம் காட்டும் எந்த எழுத்தும் காக்ஸ் என்ற பெயருக்கு முன்னால் வந்து நின்றுவிட வேண்டும். நானும் நின்றுவிடுகிறேன்.

1824இல் வான் டீமன்ஸ் லாந்தின் உச்ச நீதிமன்றம் புதிதாகத் தொடங்கியிருந்தது. தலைமை நீதிபதி ஜான் லூயிஸ் பெடர் முன்னால் ஜூன் மாதம் விசாரணை நடந்தது. காக்ஸைக் கொன்றதற்காகத் தூக்குத் தண்டனை, பிறகு உடலை அறுவை மருத்துவர்களிடம் ஒப்படைக்க உத்தரவு. தூக்குமேடையில் உடன் நின்றவர் கத்தோலிக்கப் பாதிரியார் பிலிப் கொனொலி. அவரும் மோனகன்காரர். உலகத்தின் அந்தக் கோடியில், கடைசி நிமிடத்தில், சொந்த மாவட்டத்துப் பேச்சு அவன் காதில் விழுந்திருக்கும். அவனுடைய வாக்குமூலத்தைக் கூட்டத்துக்கு வாசித்துக் காட்டியவரும் அவர்தான். உயிர் போன பிறகு தாமஸ் பாக் என்ற ஓவியர், அவரும் நாடு கடத்தப்பட்ட கைதி, அந்த முகத்தைப் பென்சிலால் வரைந்தார். கண் மூடியிருக்கும் அந்தப் படம் சிட்னியில் இருக்கிறது. நரமாமிசம் தின்றவன் என்று கேட்டு மனதில் எழும் உருவத்துக்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமே இல்லை.

இனி சட்டத்துக்கு வருகிறேன். என் கோரிக்கை நிற்பது இதன் மேல்தான். கொலைக் குற்றவாளிகளின் உடலை அறுத்துப் பார்ப்பதற்குக் காரணமான பிரிட்டிஷ் சட்டம் 1752இல் வந்தது. மரணத்துக்கு மேலும் ஒரு அவமானம் சேர்க்க வேண்டும் என்றே கொண்டுவந்த கொடூரமான சட்டம். அதுவேகூடச் சொல்வது, அறுக்காமல் புதைக்கக் கூடாது என்றுதான். அறுத்த பிறகு புதைக்க அது தடை சொல்லவில்லை. பியர்ஸை ஹோபார்ட்டில் அறுத்தாகிவிட்டது. அந்தக் கத்தி ஓய்ந்த நிமிடமே நீதிமன்றத் தண்டனையும் முடிந்தது. தலையை எடுத்து வைத்துக்கொள் என்று நீதிபதி பெடர் யாருக்கும் உத்தரவு போடவில்லை. மருத்துவர் ஹென்றி கிராக்கெட் எடுத்துக்கொண்டார். அது கல்கத்தாவில் இருந்த வில்லியம் காப் ஹரி என்பவரின் கைக்கு மாறி, அங்கிருந்து உங்கள் ஊர் மருத்துவர் சாமுவேல் ஜார்ஜ் மார்ட்டனிடம் வந்தது. அன்பளிப்பாக! ஆறு ஜோடி ஷூவை எடுத்ததற்குச் சட்டத்தில் பெயர் இருந்தது. இதற்கு நீங்கள்தான் பெயர் சொல்ல வேண்டும்.

மார்ட்டன் செய்ததை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மண்டையோட்டுக்குள் முதலில் விதையைக் கொட்டி அளந்தார், பிறகு ஈயக் குண்டுகளைப் போட்டு அளந்தார். வந்த கணக்கை வைத்து மனித இனங்களை மேல் கீழாக அடுக்கினார். அடிமை முறைக்கு ஆதரவு தேடியவர்கள் அந்த அடுக்கைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். அவருடைய அட்டவணையில் ‘அயர்லாந்துக்காரர்’ என்றும் ஒரு வரி உண்டு. ஆறே மண்டையோடுகள், சராசரி 87 கன அங்குலம். ஆறு தலையை வைத்து ஒரு தேசத்துக்கே அளவு போட்டார்!

ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று இப்போதும் யாராவது சொல்லலாம். இந்தச் சேகரிப்பை ஏற்கெனவே சி.டி. ஸ்கேன் எடுத்திருக்கிறீர்கள். இவனுடையதும் வேண்டுமென்றால் ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இருநூறு வருடத்தில் கிடைக்காதது இனி என்ன கிடைக்கப்போகிறது? பெட்டியில் வைத்திருப்பது பழக்கத்தில்தான் என்று தோன்றுகிறது.

குடும்பத்தார் யாராவது வந்து கேட்டால்தானே கொடுக்க முடியும் என்பது அடுத்த பதிலாக இருக்கும். அதில் ஒரு நியாயம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாடு கடத்தல் என்ற தண்டனையின் வேலையே குடும்பத்தை அறுத்துவிடுவதுதான். அப்படி அறுந்துபோனவனிடம் உறவைக் காட்டு என்று கேட்டால் அவன் எங்கே போவான்? அயர்லாந்து அரசுக்கு வாஷிங்டனில் தூதரகம் இருக்கிறது. அதற்கும் டாஸ்மேனிய அரசுக்கும் ஆளுக்கொரு கடிதம் நீங்களே எழுதலாம்.

எங்கே புதைப்பது? மோனகன் என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது, பிறந்த மண். யோசித்துப் பார்த்தால் அவனுடைய மீதி உடல் போனது ஹோபார்ட்டில். தலையும் அங்கேயே சேரட்டும். கொனொலி போல ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் வந்து ஜெபம் சொல்லட்டும். அயர்லாந்து தரப்பில் மோனகன்தான் வேண்டும் என்றால் அதற்கும் தடை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள். இது அங்கே காட்சிப் பொருளாகக் கூடாது. இன்று ஸ்ட்ரான் ஊரிலிருந்து சாரா தீவுக்குச் சுற்றுலாப் படகுகள் போகின்றன. அவன் கதை அங்கே நன்றாகவே விற்கும். கண்ணாடிப் பெட்டியை ஃபிலடெல்ஃபியாவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு மாற்றுவதற்காக நான் இந்த மடலை எழுதவில்லை. கேமரா இல்லாமல், அறிவிப்புப் பலகை இல்லாமல் செய்யுங்கள். கல் நடுவதாக இருந்தால் அதில் அவன் பெயர் மட்டும் இருந்தால் போதாது. அவனோடு ஓடி இறந்துபோன டால்டன், போடன்ஹாம், மேதர், டிராவர்ஸ், கிரீன்ஹில், பிரவுன், கெனர்லி, காக்ஸ் பெயர்களையும் பொறியுங்கள். புதைக்க அவர்களில் பலருடைய எலும்புகூட யாரிடமும் இல்லை.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஒரு தமிழ் வாசகர்