கோவாவில் எந்த விமான நிலையம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கோவா கடற்கரைகளுக்குச் செல்லும் பயணிகள், அங்கே இரண்டு விமான நிலையங்கள் இயங்குவதை அறிந்து பயணச்சீட்டு எடுப்பது நல்லது. கடற்படைத் தளத்தோடு இணைந்த டபோலிம் தெற்கே வாஸ்கோ அருகிலும், 2023 ஜனவரியில் விமானங்கள் வந்து செல்லத் தொடங்கிய மோப்பா வடகோடியில் மகாராஷ்டிர எல்லையை ஒட்டியும் உள்ளன. வடக்கே உள்ள அரம்போல், மோர்ஜிம் கடற்கரைகளுக்குச் செல்வோருக்கு மோப்பாதான் வசதி. தெற்கே உள்ள பலோலெம் கடற்கரைக்குச் செல்வோர் அங்கு இறங்கினால் சுமார் 100 கிலோமீட்டர் சாலைப் பயணம் செய்ய நேரிடும். பயணச்சீட்டில் 'கோவா' என்ற ஊர்ப்பெயரை மட்டும் பார்த்து, விமான நிலையக் குறியீடுகளில் ஜிஓஐ (GOI) என்பது டபோலிம், ஜிஓஎக்ஸ் (GOX) என்பது மோப்பா என்பதைக் கவனிக்காமல் விட்ட நான், மோப்பாவில் இறங்கி, தெற்கே போட்டிருந்த விடுதிக்கு நள்ளிரவில் வாடகைக் காரில் போய்ச் சேர்ந்தேன். கார் வாடகை விமானக் கட்டணத்தை நெருங்கிவிட்டது. இரு நிலையங்களிலிருந்தும் கதம்பா அரசுப் பேருந்துகள் உண்டு என்பது மறுநாள்தான் தெரிந்தது. பயணச்சீட்டு விற்கும் நிறுவனங்கள் நிலையத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கோவை.