சுறா, திருக்கை, சினை நண்டு விற்பனையை நிறுத்துவது குறித்து எமது வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்புக்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். காத்தான்குடியிலிருந்தும் ஆரையம்பதியிலிருந்தும் வருகின்ற எமது உறவுகளுக்கு ஸலாம்.

எதிர்வரும் சித்திரைப் புத்தாண்டு கழிந்து கடை திறக்கும் நாளிலிருந்து, கல்லடியிலுள்ள எமது கடையில் சுறாவும் திருக்கையும் பச்சையாகவோ கருவாடாகவோ விற்கப்படமாட்டா. அடிவயிற்றின் வெளியே முட்டை சுமக்கின்ற சினை நண்டையும் வளராத களப்பு இறாலையும் வாங்கவும் மாட்டோம், விற்கவும் மாட்டோம். நண்டை உயிரோடு வெட்டித் தருகின்ற வழக்கத்தையும் அன்றோடு விடுகிறோம். இரண்டு கிழமைகளாக இதைப் பலகையில் எழுதித் தொங்கவிட்டிருந்தோம். காரணம் கேட்டவர்கள் பலர், கோபித்துக்கொண்டு போனவர்கள் சிலர். காலை வேளையில் சனம் நெருங்கி நிற்க, ஒரு கையில் தராசும் மறு கையில் மீனுமாக நின்று விளக்கக்கூடிய விடயமாக இது இல்லாததால், ஆறுதலாக எழுதித் தருகிறோம்.

சென்ற மாரியில் பூநொச்சிமுனைக் கரையில் ஏறிய ஒரு பெண் பால்சுறா எமது கடைக்கு வந்தது. கையை நீட்டிப் பிடித்தால் தோளைத் தொடுகின்ற நீளம். பல வருடங்களாக எம்மிடம் மீன் வெட்டுகின்ற அண்ணன் அதன் வயிற்றைக் கீறியபோது உள்ளே ஐந்து குட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாக, கண் திறந்து, தொப்புட்கொடியோடு கிடந்தன. அவர் அவற்றை மேசையின் ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டுக் கத்தியைக் கழுவினார், ஒன்றும் பேசவில்லை. அந்தச் சுறாவுக்காகக் காத்து நின்றவர், பிள்ளை பெற்ற மகளுக்கு வறை செய்து கொடுப்பதற்காக வந்த ஒரு தாய். அவரும் பார்த்தார், பிறகு காசைத் தந்து மீனை வாங்கிக்கொண்டு போனார். நாமும் விற்றோம். அன்று செய்ததைத் தவறென்று இங்கே எழுதினால் அந்தத் தாயையும் சேர்த்துக் குற்றம் சொன்னதாகிவிடும், அது எமது நோக்கமன்று. ஆயினும் அன்று மாலை கடை கழுவும்போது தொடங்கிய பேச்சு இன்று இந்த மடலில் வந்து நிற்கிறது.

சுறாவையும் சூடையையும் ஒரே தராசில் நிறுத்து விற்கிறோம், ஆனால் கடலில் அவை ஒரே கணக்கில் பெருகுவதில்லை. சூடை, சாளை போன்ற சிறு மீன்கள் ஓரிரு வருடத்துக்குள் முதிர்ந்து, ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அவற்றில் பெரும்பங்கு போய்விட்டாலும் எஞ்சியவை விரைவில் கடலை நிரப்பக்கூடும். பால்சுறாவோ ஏறக்குறைய ஒரு வருடம் வயிற்றில் சுமந்து, ஒன்று முதல் எட்டுக் குட்டிகளையே ஈனும். கொம்புத் திருக்கை ஒரு தடவைக்கு ஒரு குட்டிதான் போடும். அதன் செவுள் தகடுகளைக் காயவைத்துச் சீன மருந்துக்கு அனுப்புகின்ற வியாபாரம் வளர்ந்த பின்னர், முன்பு வலையில் பட்டால் சலித்துக்கொண்ட மீனவர்களே அதற்காகக் காத்திருக்கும் நிலை வந்தது. ஆழ்கடலில் திரியும் சுறாக்களும் திருக்கைகளும் 1970ஆம் ஆண்டிலிருந்து ஏறக்குறைய 50 வருடங்களில் நூற்றுக்கு 71 வீதம் குறைந்துவிட்டதாக 2021இல் வெளிவந்த உலகளாவிய ஆய்வொன்று கணக்கிட்டது. உலகிலுள்ள சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழியும் ஆபத்தில் உள்ளன. நீண்ட வாலுடைய கசைவால் சுறாவைப் பிடிப்பது எமது நாட்டில் 2012 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. தலையும் வாலும் நீக்கிய முண்டமாக ஒரு சுறா கடைக்கு வந்து சேர்ந்தால் அது தடைசெய்யப்பட்ட இனமா, இல்லையா என்று எம்மால் உறுதியாகச் சொல்ல முடியாது. சந்தேகத்தோடு விற்பதைக் காட்டிலும் முழுவதையும் நிறுத்துவது எமக்கு இலகுவாகப்பட்டது.

பால்சுறா விடயத்தில்தான் எம்மோடு கூடுதலாக வாதிட்டார்கள். “இவ்வளவு காலமும் வித்துப்போட்டு இப்ப என்ன மகன் புதுசா நியாயம் கதைக்கிறீங்க? என்ட அஞ்சு பிள்ளைக்கும் சுறா வறை திண்டுதான் பால் குடுத்தனான்” என்று ஒரு பெரியம்மா கேட்டார். அவருக்கு மறுமொழி சொல்ல எமக்கு அன்று வாய் வரவில்லை. பிள்ளை பெற்ற தாய்க்குச் சுறா கொடுத்தால் பால் சுரக்கும் என்பது எமது பாட்டிமார் காலத்து நம்பிக்கை, அந்த மீனுக்குப் பெயரே அதனால்தான் வந்தது. பிள்ளைப்பேற்றில் களைத்த உடம்புக்கு மீனிலுள்ள புரதம் நல்லது என்பதில் ஐயமில்லை. அந்தப் புரதம் சூடையிலும் பாரையிலும் உண்டு. மறுபக்கத்தில், கடலில் மற்ற மீன்களைத் தின்று நெடுங்காலம் வாழும் பெரிய மீன்களின் தசையில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும் என்பதால், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது. பால்சுறா சிறிய இனம், ஆகவே அதில் பெரிய சுறாக்களில் உள்ள அளவுக்குப் பாதரசம் பொதுவாகச் சேராது. ஆனால் சுறா வறைக்கென்று கேட்டு வருபவர்களுக்குக் கடைகளில் நிறுத்துக் கொடுக்கப்படுவது எப்போதும் பால்சுறாதானா என்பதைக் கடைக்காரராகிய நாம் அறிவோம். உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். வறைதான் வேண்டுமென்றால், முள் நீக்கி உதிர்த்த பாரையிலும் அது நன்றாகவே வருகிறது. எமது வீட்டில் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறோம்.

இன்னொரு கேள்வியும் வந்தது. சுறா தானாக வந்து வலையில் படுகிறது, செத்தும் போகிறது, செத்ததை விற்காமல் விட்டால் யாருக்கு இலாபம் என்று கேட்டவர் ஒரு மீனவர். எமக்கு மீன் தருபவரும்கூட. இதில் நியாயம் இருக்கிறது. அறக்குளாவுக்கு விரித்த வலை சுறாவைப் பார்த்து விலகாது. ஆனால் வாங்க ஆள் இருக்கும்வரை, தற்செயலாகப் பட்டதற்கும் தேடிப் பிடித்ததற்கும் கரையில் ஒரே விலைதான். உயிரோடு படகுக்கு வரும் குட்டிச் சுறாவைத் திரும்பக் கடலில் விடுவதா, ஐஸ் பெட்டியில் போடுவதா என்று தோணியில் இருப்பவர் முடிவெடுக்கும் அந்த நொடியில், கரையில் அதற்கு விலையில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே எமது எண்ணம். அவரிடம் வாங்குகின்ற மற்ற மீன்களுக்கு நாம் தரும் விலையைச் சற்று உயர்த்தியிருக்கிறோம். அவருக்கு அது முழு ஈடாகாது என்பதையும் அறிவோம்.

இனி நண்டும் இறாலும். இவை எமது வாவியின் சொத்து என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. இறால் கடலில் முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் முகத்துவாரத்தால் உள்ளே வந்து, வாவியின் கண்டல் வேர்களிலும் புல்லிலும் ஒதுங்கி வளரும். வளர்ந்த பின் முட்டையிடுவதற்குத் திரும்பவும் கடலுக்குப் போகும். ஆகவே வாவிக்குள் சிறுகண் வலையில் பிடிபடும் குஞ்சு இறால், வாழ்நாளில் ஒரு தடவைகூட முட்டையிடாத இறால். கூனியை நாம் தொடர்ந்து விற்போம், அது இயல்பிலேயே சிறிய வேறோர் இனம். ஆனால் கூனி என்ற பெயரில் இறால் குஞ்சு கலந்து வந்தால் திருப்பி அனுப்புவோம். களப்பு நண்டும் அப்படியே: சினை முற்றிய பெண் நண்டு கடலை நோக்கிப் போய்த்தான் முட்டைகளைப் பொரிக்கவிடும். அடிவயிற்று மடலைத் திறந்து பாருங்கள், செம்மஞ்சள் நிறத்தில் பஞ்சுபோல் ஒட்டியிருப்பது இலட்சக்கணக்கான முட்டை. நாள் செல்ல அது கறுத்துவரும், கறுத்தால் பொரிக்கும் காலம் நெருங்கிவிட்டது. அதைச் சுரண்டி எறிந்துவிட்டுச் சாதாரண நண்டென்று விற்பதும் நடக்கிறது. மடலின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் இழைகளைப் பார்த்தால் எமது கடைப் பொடியன்களுக்கே பிடிபட்டுவிடும். ஓட்டுக்குள் இருக்கும் சிவந்த சினையை விரும்பிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது வெளியே வராத முட்டை என்பதால் எமது மறுப்பு அதற்கு இப்போதைக்கு இல்லை. இதை முரண்பாடென்று சொல்பவர்களுக்கு எம்மிடம் பதிலில்லை.

நண்டு வெட்டுவது பற்றி. துள்ளுகின்ற நண்டுதான் நல்ல நண்டு என்று நீங்கள் நம்புவதால், உங்கள் கண்முன்னே கால்களை ஒடித்து, ஓட்டைப் பிரித்து, இன்னும் அசையும் உடலை நான்காக வெட்டித் தந்தோம். நண்டுக்கு நோவு தெரியாது என்றுதான் நாமும் எண்ணியிருந்தோம். சுவிற்சர்லாந்து, நண்டின் உறவான சிங்கி இறாலை உயிரோடு கொதிநீரில் போடுவதை 2018இல் தடைசெய்தது. பிரித்தானியா 2022இல் இயற்றிய சட்டமொன்றில் நண்டையும் கணவாயையும் உணர்வுள்ள உயிர்களின் கணக்கில் சேர்த்தது. மீன் பற்றியும் ஆய்வு உண்டு: 2003இல் எடின்பரோவில், உதட்டில் அமிலம் ஏற்றப்பட்ட மீன்கள் இரை எடுக்காமல், உதட்டைத் தொட்டியின் சரளைக் கல்லில் தேய்த்ததை அவதானித்தார்கள். தூண்டிலில் பட்ட மீன் தோணிக்குள் துடிப்பதை ஆயிரம் தடவை கண்ட எமக்கு இது புதிய செய்தியா, தெரிந்துகொண்டே தள்ளி வைத்த செய்தியா என்று சொல்லத் தெரியவில்லை. இனிமேல் நண்டு ஐஸும் நீரும் கலந்த பெட்டியில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கிடந்து, அசைவு நின்ற பின்னரே, அடிப்புறத்தில் குத்தி உடனே கொல்லப்பட்டு வெட்டப்படும். நண்டு வாங்க வருபவர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்தால் காத்திருக்கத் தேவையில்லை. குளிரில் மயங்கிய நண்டு செத்த நண்டல்ல, கையில் எடுத்தால் பாரமாக இருக்கும், மணமும் இராது. இன்னொரு நன்மை, பயந்த நண்டு கால்களைத் தானே கழற்றிவிடும், குளிர்ந்த நண்டு கழற்றாது. கறிச்சட்டிக்கு முழு நண்டு கிடைக்கும்.

எம்மிடம் வந்துபோகின்ற ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், இப்போது மரக்கறி மட்டும் உண்பவர், மனைவிக்காக மீன் வாங்க வருபவர், இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார். கொல்வதை நிறுத்தாமல் கொல்லும் முறையைத் திருத்துவது தன்னைத்தானே சமாதானப்படுத்துவதுதானே என்றார். இருக்கலாம். நாம் மீன் விற்றுப் பிழைப்பவர்கள், நாளையும் விற்போம். கொல்வது முற்றிலும் பிழையென்றால் கடையைப் பூட்டுவதே நேர்மை. அப்படி எமக்குத் தோன்றவில்லை. கடலை நம்பி வாழும் ஊரில் மீன் சோறோடு சேர்ந்தது. ஆனால் உண்பதற்காகக் கொல்வதற்கு ஒரு நியாயம் இருக்குமென்றால், தேவைக்கு மேல் நோகடிப்பதற்கும், அடுத்த தலைமுறை மீனே இல்லாமல் வழித்தெடுப்பதற்கும் அந்த நியாயத்தைக் கடன் வாங்க முடியாது என்று அவரிடம் சொன்னோம். அவர் முழுதாக ஏற்கவில்லை. மனைவிக்கு அரைக் கிலோ விளைமீன் வாங்கிப் போனார்.

கடலில் மீன் குறையவில்லை, நேற்றும் ஐஸ் பெட்டி நிரம்பத்தானே வந்தது என்று சொல்பவர்களுக்கு ஒரு பழைய கதை. கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையில் கொட் மீன் பல நூற்றாண்டுகளாகப் பிடிபட்டது. மீன் குறையக் குறையப் பெரிய கப்பல்களும் மீனைக் காட்டும் கருவிகளும் வந்து, எஞ்சிய மீன் கூடிநின்ற இடங்களைத் தேடிப் பிடித்ததால், அந்தக் கப்பல்கள் ஒரு தடவை வலை போட்டால் பிடிபடும் அளவு கடைசிவரை பெரிதாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. 1992இல் அரசு அந்தத் தொழிலை மூடியபோது 30,000 பேரளவில் வேலையிழந்தார்கள். முப்பது வருடம் கடந்தும் அந்த மீன் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. எமது கரையிலும் 2004 சுனாமிக்குப் பின்னர் நல்ல மனதோடு கொடுக்கப்பட்ட சிறு படகுகள் பல இடங்களில் இழந்ததைவிட அதிகமாகின, போர் முடிந்து ஆழ்கடலும் திறந்தது, கருவிகளும் வந்தன. இதற்காகக் கரைவலை இழுப்பவரையோ தோணிக்காரரையோ குற்றம் சொல்வது எமக்கு உடன்பாடில்லை. கடன் கட்ட வேண்டியவர் எதிர்காலத்தைப் பற்றி யோசிப்பது சிரமம். வெடி வைத்துப் பிடித்த மீனை மட்டும் எந்தக் காரணத்துக்கும் மன்னிக்கமாட்டோம். முள்ளந்தண்டு ஓரமாகக் கட்டியான இரத்தமும், வெடித்த காற்றுப்பையும், விரல் பட்டால் குழைகின்ற சதையும் அதைக் காட்டிக்கொடுக்கும். அதை ஆரம்பத்திலிருந்தே நாம் வாங்குவதில்லை.

விலை பற்றி மறைக்காமல் சொல்கிறோம். சிறிய இறாலை விட்டதால் பெரிய இறாலின் விலை கூடும், நண்டு சில நாட்களில் கிடைக்காமலும் போகலாம். சுறா வாங்கிய காசுக்குச் சூடையும் கும்பிளாவும் கூடுதலாகவே கிடைக்கும். துப்புரவு செய்வது சிரமம் என்பதால் பலர் அவற்றைத் தவிர்ப்பதை அறிவோம், ஆகவே அவற்றைத் தலை கிள்ளி, குடல் நீக்கித் தருவதற்கு இனிக் கூலி வாங்கமாட்டோம்.

சுறாக் கருவாட்டுக்கு முற்பணம் தந்தவர்கள் துண்டைக் கொண்டுவந்து காசைத் திரும்பப் பெறலாம், அல்லது அதே பெறுமதிக்குக் கட்டாக் கருவாடு எடுக்கலாம். துண்டைத் தொலைத்தவர்கள் பயப்பட வேண்டாம், பெயர்கள் கொப்பியில் இருக்கின்றன. புத்தாண்டுக்கு முந்திய சனிக்கிழமை வழமைபோல அதிகாலையிலேயே திறப்போம்.

இங்ஙனம்,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்,
கல்லடி, மட்டக்களப்பு.