எடை ஏறியது, பேச்சு வரவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தைகள் தாமதமாகப் பேசுவதற்குச் செல்போன்தான் காரணம் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். சரி, அதுவும் ஒரு காரணம். கடலூரில் மீனவர் குடியிருப்பு ஒன்றில் 20 வருடத்துக்கு மேல் அங்கன்வாடி நடத்தியவள் நான். எனக்கு வேறொன்று ஞாபகம் வருகிறது.

இரண்டரை வயதுப் பையன். மாதாமாதம் எடை போடுவோம். அட்டையில் கோடு பச்சையில்தான் ஏறியது. பேச்சு மட்டும் இல்லை. பொம்மையைக் கொடுத்தால் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பான். "அவங்க அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்றார் பாட்டி. அம்மா விட்டுவிட்டுப் போகும்போது அவனும் பார்க்கமாட்டான், அவளும் திரும்பமாட்டாள். திமிர் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் சத்துமாவு வாங்க வந்தவளிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். "அழக்கூடத் தெம்பு இல்ல டீச்சர்" என்றாள். பிரசவத்திலிருந்தே அப்படித்தானாம். வீட்டில் தாயத்து கட்டியிருந்தார்கள்.

கைக்குழந்தை அம்மா முகத்தைப் பார்த்துத்தான் சிரிக்கவும் சத்தம் போடவும் பழகுகிறது. 1970களில் எட்வர்ட் டிரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர், சில நிமிடம் முகத்தில் அசைவே காட்டாமல் குழந்தையைப் பார்க்கும்படி தாய்மாரிடம் சொன்னார். குழந்தைகள் சிரித்தும் கையாட்டியும் கூப்பிட்டுப் பார்த்தன. பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டன. சில நிமிடத்துக்கே அப்படியென்றால் மாதக்கணக்கில்? தாயைத் திட்ட இதைச் சொல்லவில்லை. ரத்தசோகை மாதிரி, பிரசவத்துக்குப் பின் தாய்க்கு வரும் மனச்சோர்வும் ஒரு நோய். பிரசவமான புதிதில் வரும் அழுகை தானாகப் போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அவளை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு நானே கூட்டிப்போனேன். மாத்திரை கொடுத்தார்கள், உட்காரவைத்துப் பேசினார்கள். அப்புறம் ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காலை, அந்தப் பையன் கதவைப் பிடித்துக்கொண்டு "அம்மா போவாத" என்று அழுதான். பிள்ளை அழுது நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குத் தாய்மார் வருகிறார்கள். பிள்ளையின் எடையைப் பார்க்கிறோம். தாய்க்கு இந்த மனச்சோர்வு இருக்கிறதா என்று கேட்டறிய 1987-லேயே எடின்பரோ பெயரில் பத்துக் கேள்விப் படிவம் வந்துவிட்டது, தமிழிலும் இருக்கிறது. சில நிமிட வேலை. மாமியாரை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கேட்க வேண்டும், அது முக்கியம். இரண்டரை, மூன்றரை மாத ஊசிக்கு வரும்போது மறுபடி கேட்கலாம். இப்படிக் கேட்பது வழக்கமாகும்வரை, அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416-ஐயாவது தடுப்பூசி அட்டையில் எழுதிக் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
கடலூர் முதுநகர்