ஆச்சியிடம் பிள்ளையை விடு

அன்புள்ள மகளுக்கு,

நீ அலமாரியில் வைத்துவிட்டுப் போன பின்லாந்து எழுத்தாளர் தூவே யான்சனின் ‘கோடைப் புத்தகம்’ படித்து முடித்தேன். 1972இல் ஸ்வீடிஷ் மொழியில் வந்த கதை. பின்லாந்து வளைகுடாவில் ஒரு சிறு தீவு, ஆறு வயது சோபியா, அவள் பாட்டி, எந்நேரமும் வேலையில் மூழ்கிய அப்பா. தாய் இறந்துபோன செய்தி போகிற போக்கில் ஒரு வரியில் வருகிறது. பிறகு யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. எனக்கோ புத்தகம் முழுக்க அந்தத் துக்கம்தான் கேட்டது.

ஏப்ரல் லீவுக்குக் குழந்தையை இங்கே விட நீ தயங்குகிறாய். ஆச்சி வாய்க்கு வந்தபடி பேசுவாள், கள்ளியங்காட்டு நீலிப் பேய்க் கதை சொல்லிப் பயமுறுத்துவாள் என்கிறாய். சொல்லத்தான் செய்வாள், மக்களே.

சோபியாவின் பாட்டி மட்டும் என்ன? சிகரெட் பிடிக்கிறாள். அடுத்தவர் பூட்டிப்போட்ட வீட்டுக்குள் பேத்தியையும் கூட்டிக்கொண்டு நுழைகிறாள். எப்போது சாவாய் என்று பேத்தி கேட்டால், சீக்கிரமே, அது உன் கவலையில்லை என்கிறாள். ஒரு நாள் மண்வெட்டி பட்டு மண்புழு இரண்டு துண்டாகிவிடுகிறது. பிள்ளை துடித்துப்போகிறாள். துண்டான புழுக்களைப் பற்றி ஒரு நூலே எழுதப்போவதாகச் சொல்கிறாள். அவள் சொல்லச் சொல்ல, பாட்டி உட்கார்ந்து எழுதிக்கொடுக்கிறாள். எதைப் பற்றிய நூல் அது என்று கிழவிக்குத் தெரியாமலா இருக்கும்?

இருவரும் சதுப்பு நீரில் வெனிஸ் நகரம் கட்டுகிறார்கள். அதன் அரண்மனையில் சோபியா ஒரு அம்மாவைக் குடிவைக்கிறாள். மழை வந்து அரண்மனை போய்விடுகிறது. பாட்டி ராத்திரியோடு ராத்திரியாக வேறொன்று செய்து, பழையதுதான் என்று நம்பவைக்கிறாள். அந்த இடத்தில் மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் மேலே படிக்க முடிந்தது.

நம் ஆச்சி பசுவிடம் குடும்ப வழக்கையெல்லாம் சொல்வாள். மட்டிக்குலை வெட்டுமுன் வாழையிடம் கேட்டுக்கொள்வாள். மேலாங்கோட்டு இயக்கி அம்மனிடம் உரிமையோடு சண்டை பிடிப்பாள். சின்னப் பிள்ளையோடு பல்லாங்குழி ஆடினாலும் ஒரு முத்தைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டாள். தோற்றால் அன்று முழுக்க முகம் தூக்கியிருக்கும். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. அப்பா வெளிநாட்டில், பள்ளிக்கூடம் புதிது, ஒரு கூட்டுக்காரிகூட இல்லை என்று நானும் நீயும் அந்தப் பிள்ளையைப் பரிதாபமாகவே பார்க்கிறோம். ஆச்சிக்கு அந்தப் பார்வை வரவே வராது. சரிக்குச் சரியாக நின்று வழக்காட ஒரு ஆள் கிடைத்தால் உன் மகள் பேசுவாள் என்று உறுதியாக நம்புகிறேன்.

மே கடைசிவரை விடு. தோட்டத்தில் வருக்கைச் சக்கை, அதான் பலா, நிறையக் காய்த்திருக்கிறது. டிக்கெட்டை இரணியல்வரை எடு, உன் அப்பா ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார். அழுக்கானால் பரவாயில்லை என்கிற உடுப்பாகக் கொடுத்துவிடு. பிள்ளையிடம் அதைச் சொல்லாதே, இதைச் சொல்லாதே என்று ஆச்சிக்கு மட்டும் போன் செய்துவிடாதே.

அன்புடன்,
அம்மா