திருவாதிரைக் களிக்குப் பிறகு ஒரு மணி நேரம்: பெங்களூர்த் தமிழ் விழாக் குழுக்களுக்கு

பெங்களூரில் மார்கழித் திருவாதிரை கொண்டாடும் தமிழ் அமைப்புகளுக்கும் அடுக்ககச் சங்கங்களுக்கும் வணக்கம்.

களி, ஏழுகறிக் கூட்டு, அபிஷேகம், சில இடங்களில் பட்டிமன்றம். எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. (பட்டிமன்றத்தைச் சற்றுச் சுருக்கினால் வருந்தவும் மாட்டேன்.) அன்று இரவு ஒரு மணி நேரம் மொட்டை மாடியை வானொலி வானியலுக்கு, அதாவது விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளைக் கேட்டறியும் கலைக்கு, ஒதுக்குங்கள்.

நிலவுக்குச் சற்றுத் தள்ளிச் செக்கச் சிவந்து தெரியும் திருவாதிரை, ஆயுளின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் விண்மீன். தன் வாயுவை வெளியே உதறியபடி இருக்கிறது. அதில் பெரும்பகுதி ஹைட்ரஜன். இப்படி வெளியேறும் கார்பன் மோனாக்சைடு போன்ற மூலக்கூறுகள் தொலைவு போகப் போகப் புறஊதாக் கதிர் பட்டு உடைந்துவிடும். ஹைட்ரஜன் அணு அதையும் தாண்டி நிற்கும். ஆகவே பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த மீன் எவ்வளவு இழந்தது என்பதற்கு அதுவே சாட்சி. 1420 மெகாஹெர்ட்ஸில் ஹைட்ரஜன் அணு உமிழும் வானொலி அலையை 1987இல் அமெரிக்காவின் விஎல்ஏ வானொலித் தொலைநோக்கி திருவாதிரையைச் சுற்றிப் பதிவு செய்தது. மீரா என்ற முதிய மீனுக்கு 13 ஒளியாண்டு நீள வால் இருப்பது 2007இல் புறஊதா ஒளியில் தெரிந்தது. அடுத்த ஆண்டே அந்த வாலில் ஹைட்ரஜனும் இருப்பது வெளியானது.

ஒரு விண்மீனின் ஹைட்ரஜனை மட்டும் இனங்காண்பது சுலபமான வேலையல்ல. பால்வீதி முழுக்க இதே ஹைட்ரஜன், இதே அலைவரிசை. கே.ஆர். மார்க்கெட் இரைச்சலில் ஒரே ஒரு பூக்காரம்மாவின் குரலைப் பிரித்தெடுப்பது போலத்தான்.

இதை ஏன் உங்களிடம் கேட்கிறேன்? புனே அருகே இருக்கும் ஜிஎம்ஆர்டி வானொலித் தொலைநோக்கியின் 30 கிண்ண ஆன்டெனாக்களுக்கும் இந்த 1420 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கான ஏற்பிகளைச் செய்து கொடுத்தது நம் சதாசிவநகரின் ராமன் ஆராய்ச்சிக் கழகம். பக்கத்துத் தெருவில் நடந்த வேலை நம் மேடைகளில் ஒருமுறையாவது பேசப்பட வேண்டாமா?

அட்டையும் அலுமினியத் தாளும் கொண்டு கொம்பு ஆன்டெனா ஒன்று செய்து, சிறு பெருக்கி, எஸ்டிஆர் ரிசீவர் (கணினி மென்பொருள் வழியே இயங்கும் வானொலி ஏற்பி), மடிக்கணினியோடு இணைத்தால் பால்வீதியின் ஹைட்ரஜன் திரையில் மேடாக எழும். திருவாதிரையின் ஹைட்ரஜன் அதில் சிக்காது. அதைக் கூடியிருப்பவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விளக்கிச் சொல்ல, நகரின் ஆய்வுக்கூடங்களில் தமிழ் பேசும் மாணவர்களுக்கா பஞ்சம்?

அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் முடிவு செய்யுங்கள். மாடி விளக்குகளை அணைக்கக் காவலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதும் உங்கள் பொறுப்பு.

அன்புடன்,
அல்சூர்வாசி ஒருவர்