ஐம்பதுக்கு ஐம்பது என்றால் ஆயிற்றா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஃபிளாய்ட் மேவெதர் பற்றி வந்த கட்டுரை இப்படி முடிந்திருந்தது: "50 போட்டி, 50 வெற்றி. எக்காலத்துக்கும் சிறந்த குத்துச்சண்டை வீரர் யார் என்ற விவாதம் இதோடு முடிந்தது." சின்ன வயதிலிருந்து நான் படித்துவரும் பத்திரிகையில் இப்படி ஒரு வரி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மனசு ஆறாமல்தான் இதை எழுதுகிறேன்.

அந்த 50ஆவது வெற்றி யாரிடம் பெற்றது என்று தங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 2017இல், குத்துடன் உதையும் மல்யுத்தமும் கலந்த எம்.எம்.ஏ. சண்டை வீரரான கானர் மெக்கிரகரிடம். அவர் அதற்கு முன் தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஒரு போட்டிகூட ஆடியதில்லை. பிலிப்பைன்ஸ் சாம்பியன் மேனி பாக்கியாவுடன் மோத வேண்டிய காலத்தில் பேச்சுவார்த்தை முறிந்து முறிந்து, கடைசியில் 2015இல் மோதியபோது மேவெதருக்கு 38 வயது, பாக்கியாவுக்கு 36. மேவெதர் திறமைசாலி இல்லை என்று நான் சொல்லவில்லை. தற்காப்பில் அவருக்கு இணை சொல்வது கஷ்டம். முகம்மது அலியையும், அவருக்கு முந்தைய தலைமுறைச் சாம்பியன் சுகர் ரே ராபின்சனையும் விடத் தானே மேல் என்று அவர் சொல்லிக்கொள்ளலாம், அது அவர் வாய். பத்திரிகையும் அதையே சொல்லலாமா?

சாம்பியன் பெல்ட் ஒருவரை அடித்து இன்னொருவர் வாங்குவது. தலைசிறந்தவர் என்ற பெயர் அப்படிக் கைமாறுவதில்லை. 1978இல் லியான் ஸ்பிங்க்ஸ் அலியைத் தோற்கடித்தார். 1980இல் லாரி ஹோம்ஸ், 1981இல் டிரெவர் பெர்பிக். இவர்களில் யாரையாவது அலியை விடப் பெரியவர் என்று உலகம் சொன்னதா? ஹோம்ஸ் 48 போட்டிகளில் தோல்வியே காணாமல் வந்தவர். அவருக்கே அந்தப் பெயர் கிடைக்கவில்லை.

1980இல் அலி நம் சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டி. நான் கேலரியில் உட்கார்ந்து பார்த்தேன். உடம்பு கனத்துவிட்டது, வேகம் பாதிதான். ஆனாலும் இடது கையை இடுப்பளவில் தொங்கவிட்டு, குத்து வரும்போது காலை நகர்த்தாமல் தலையை மட்டும் பின்னால் இழுத்தார் பாருங்கள், கிளவுஸ் அவர் முகவாயைத் தொடாமல் போனது. பாக்ஸிங் பழகுகிற எந்தப் பையனும் அப்படிச் செய்தால் வாத்தியார் முதுகிலேயே போடுவார். எதிரே நின்ற எல்லிஸ் யார் தெரியுமா? வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்காக 1967இல் அலியிடமிருந்து பட்டத்தைப் பிடுங்கினார்களே, அதில் டபிள்யூ.பி.ஏ. என்ற உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தின் பட்டத்தை 1968இல் வென்றவர். அலியின் பால்ய நண்பரும்கூட. பட்டம் அவரிடம் போனது. ஆனால் அன்று ஸ்டேடியத்தில் அத்தனை பேரும் கத்தியது ஒரே பெயரைத்தான்.

தலைசிறந்தவர் என்ற பெயரை யாருக்குக் கொடுப்பது என்பதில் பத்திரிகையாளர்கள் முன்பும் தவறியிருக்கிறார்கள். 1950இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் நடத்திய வாக்கெடுப்பில், அரை நூற்றாண்டின் சிறந்த வீரர் ஜாக் டெம்ப்சி என்று எழுதினார்கள். 25 முறை பட்டத்தைக் காத்து நின்ற ஜோ லூயிஸ் இரண்டாம் இடம். டெம்ப்சி தன் பட்டத்தை ஒரு கறுப்பின வீரருக்கு எதிராகவும் பணயம் வைத்தவர் இல்லை. கறுப்பின வீரர் ஹாரி வில்ஸ் வருஷக்கணக்கில் காத்திருந்ததுதான் மிச்சம். அவருக்கு முந்தைய தலைமுறையில் இன்னொரு கறுப்பின வீரர் சாம் லாங்ஃபோர்டுக்கு உலக ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) பட்டத்துக்கு ஒரு வாய்ப்புகூடத் தரவில்லை. கடைசியில் கண் பார்வை போய் வறுமையில் கிடந்தார். 1910இல் ரீனோவில் கறுப்பினச் சாம்பியன் ஜாக் ஜான்சன் வெள்ளையரான ஜெஃப்ரிஸை வீழ்த்தியதற்காக அமெரிக்க நகரங்களில் கறுப்பின மக்களை அடித்துக் கொன்றார்கள். குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகவே 1912இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். இத்தனையும் பட்டியலில் இருக்கும் 'பூஜ்யம் தோல்வி'யில் தெரியுமா?

'தி ரிங்' என்ற குத்துச்சண்டைப் பத்திரிகையை நடத்திய நாட் ஃபிளைஷர் இவர்கள் எல்லோரையும் பார்த்தவர். ஹெவிவெயிட்டில் அவருக்கு ஜான்சன்தான் முதலிடம். அலியை முதல் பத்தில்கூடச் சேர்க்கவில்லை. தன் இளமையில் பார்த்தவரே பெரியவர் என்று நினைப்பது மனித இயல்பு. என் அப்பாவுக்கு ஜோ லூயிஸ், எனக்கு அலி. ஆனால் அலியே ராபின்சனைத்தான் தன் ஆதர்சம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதே அசோசியேட்டட் பிரஸ் 1999இல் நூற்றாண்டின் வீரராக ராபின்சனைத் தேர்ந்தெடுத்தது. அவர் கணக்கில் 19 தோல்விகள். அதில் ஒன்று 1952 ஜூனில், யாங்கி ஸ்டேடியத்தில், தன்னை விட எடை கூடிய ஜோயி மேக்சிமிடம். நெருப்பு மாதிரி வெயில் காலம். நடுவரே தாங்க முடியாமல் 10ஆவது ரவுண்டோடு இறங்கிப் போனார். புள்ளியில் முன்னிலையில் இருந்த ராபின்சன் 14ஆவது ரவுண்டுக்கு எழுந்திருக்க முடியவில்லை. மேலே இருக்கும் எடைப் பிரிவைத் தேடிப் போய் வாங்கிய தோல்வி அது. அதை ஒரு எண்ணாக எழுதிக் கழித்துவிட முடியுமா?

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாநில குத்துச்சண்டைப் போட்டி நடந்தால் நம் பத்திரிகையில் நாலு வரி வருகிறது. அதிலும் ஜெயித்தவர் பெயர் இருந்தால் எடைப் பிரிவு இருக்காது, எடைப் பிரிவு இருந்தால் ஊர் இருக்காது. என் அக்கா பேரன் வெள்ளிப் பதக்கம் வாங்கிய செய்தியில் அவன் பெயரே மாறி வந்தது. கடிதம் எழுதினேன், திருத்தம் வரவில்லை. கிரிக்கெட்டுக்கு ஒதுக்கும் பக்கங்களில் கால் பக்கம் இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாதா? காலை நாலரை மணிக்கு எழுந்து கடற்கரை மணலில் ஓடுகிற பையன்கள், ஐயா. அவர்கள் வீட்டில் அந்தப் பேப்பர் துண்டை வெட்டிச் சுவரில் ஒட்டுவார்கள்.

கட்டுரையில் ராபின்சன் என்று பெயர் போட்டு அச்சிட்டிருந்த படம் அவருடையது அல்ல, சுகர் ரே லியோனார்டுடையது. அந்தச் 'சுகர் ரே' என்ற பட்டப்பெயர் பெரியவரிடமிருந்து லியோனார்டுக்கு வந்தது. இருவருக்கும் முப்பது வருஷத்துக்கு மேல் வயது வித்தியாசம். வரும் ஞாயிறன்று ராபின்சனின் சரியான படத்தை, சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, பெயரோடு வெளியிடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ராயபுரம், சென்னை.